கூட்டிச் சொன்ன வயது

ஹெனெக் ஜில்பர் காபிக் கடையில் தன் பெயரை ‘பில்’ என்று சொன்ன அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முந்தின நாள் ‘ஜார்ஜ்’ என்று சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாள் ‘டோனி’. கோப்பையில் பெயர் எழுதும் பெண்ணுக்கு இவர் ஒரு ஆளா மூன்று ஆளா என்று குழப்பம். எனக்கு அந்தக் குழப்பம் இல்லை. பொய் எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் அதன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்.

நான் மாரிசாமி. சாத்தூரில் மின்வாரிய லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். இப்போது டெக்ஸாஸில், பிளானோ என்ற ஊரில் மகன் கதிர் வீட்டில் இருக்கிறேன். ஒரு புயலில் அறுந்துபோன மெயின் வயரின் இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, ஹெல்பர் டீ குடித்துவிட்டு வரும்வரை நாற்பது நிமிடம், ஒரு தாலுகாவுக்கே என் உடம்பு வழியாகக் கரண்ட் கொடுத்திருக்கிறேன். இதைப் பார்க்கில் நடக்க வரும் நம்மவர்களிடம் சொன்னபோது மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அதன்பிறகு மூன்று நாள் என் வீட்டில் பல்ப் போட வேண்டியிருக்கவில்லை என்ற பகுதியை மட்டும் நம்பவில்லை. அன்றிலிருந்து நான் மணி என்ன என்று சொன்னாலும் தங்கள் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள்.

ஹெனெக் வீட்டின் பின்கதவும் எங்கள் வீட்டின் கராஜும் ஒரே சந்தில் எதிரெதிராக இருக்கின்றன. போலந்தில் பிறந்த யூதர். வயது தொண்ணூற்றெட்டு என்று சந்து முழுக்கத் தெரியும். ஜனவரி மாதம் அவர் மகள் வெளி மாநிலத்திலிருந்து வந்து அந்த எண்ணில் பெரிய பலூன் கட்டிவிட்டுப் போனாள். தனியாக இருக்கிறார். காலையில் தடியை ஊன்றிக்கொண்டு தெருமுனைக் காபிக் கடைக்கு வருவார். நானும் போவேன். அவர் பேசுவது போலந்து ஆங்கிலம், நான் பேசுவது சாத்தூர் ஆங்கிலம். இரண்டும் நன்றாகவே ஒட்டிக்கொண்டன. அவர் சொன்னதை எல்லாம் என் காது தமிழாகவே வாங்கியது, அப்படியே தருகிறேன்.

பெயரோடு சந்தேகம் நின்றிருந்தால் விட்டிருப்பேன். வரிசையில் நிற்க மாட்டார். என்னை நிற்கவைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி ஓர் ஓரத்தில் உட்காருவார். யாராவது ஒரு தாளை நீட்டி, பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள் என்றால் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருக்கும். நூற்றைந்து டிகிரி வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஒருநாள் கை கழுவச் சட்டையை மடித்தபோது பக்கத்துக் குழாயில் நின்று நன்றாகவே பார்த்தேன். யூதர்களை அடைத்த ஜெர்மானிய வதைமுகாம்களில் இருந்தவர்கள் கையில் எண் பச்சை குத்தியிருக்கும் என்று டிவியில் பார்த்திருக்கிறேன். இவர் கையில் தேமல்கூட இல்லை.

அவர் முகாமிலிருந்து வந்தவர் என்பதை என் மருமகள் விஷாகாதான் சொல்லியிருந்தாள். ஊரிலுள்ள வயதானவர்களின் வாழ்க்கைக் கதையைக் கேமராவில் பதிவு செய்து நூலகத்தில் சேர்க்கும் ஒரு தன்னார்வக் குழுவில் அவள் இருக்கிறாள். ஹெனெக்கை நான்கு நாள் உட்காரவைத்துப் பதிவு செய்திருந்தாள். அடுத்த மாதம் அது நூலகத்துக்குப் போக வேண்டும். ஹெனெக் அந்த நாளைச் சுவர்க் காலண்டரில் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். அவருடைய அம்மா ரிவ்கா. அண்ணன் மோனியெக். இருவருக்கும் கல்லறை கிடையாது. பெயர் பொறித்த கல் எங்கும் கிடையாது. எண்பது வருடமாக அந்தப் பெயர்கள் அவர் வாய்க்குள்ளேயே கிடந்தன. முதன்முதலாக வெளியே வந்தது அந்தப் பதிவில்தான்.

என்னையும் பதிவு செய்தார்கள். நாற்பது நிமிட வயரைச் சொன்னேன். குழு அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் காபிக் கடையில் ஹெனெக் தானாகவே பேசினார். அவருடைய ஊர் லூட்ஜ். ஜெர்மானியர்கள் ஊரின் ஒரு மூலையைக் கம்பிவேலி போட்டு அடைத்து, யூதர்களை எல்லாம் அதற்குள் திணித்தார்கள். உள்ளே பட்டறைகள். வேலை செய்தால் ரேஷன்.

“நாப்பத்திரெண்டு செப்டம்பர். பத்து வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களை எல்லாம் ஒப்படைச்சிடணும்னு உத்தரவு வந்தது. எனக்குப் பன்னெண்டு. ஆனா பார்த்தா எட்டுதான் சொல்லலாம். சோறு இல்லாத இடத்துல யாரு வளர்றா? எங்கம்மா தையல் பட்டறையில வெட்டுத் துணிக் குவியலுக்குள்ள என்னைப் புதைச்சு வெச்சா. ஏழு நாள்.”

“உள்ள என்ன பண்ணினீங்க?”

“தும்மாம இருந்தேன்.”

இப்படிப்பட்ட ஒன்றைக் கேட்டால் மனிதனுக்குத் தொண்டை அடைக்க வேண்டும். எனக்கு மனக்கணக்கு ஓடியது. இந்த வருடம் தொண்ணூற்றெட்டு என்றால் நாற்பத்திரண்டில் பதினைந்து. பன்னிரண்டு எப்படி வரும்? பொய் சொல்பவனுக்கு முதல் தகுதி கூட்டல் கழித்தல். தொழிலில் ஒரு சீனியர் இப்படிச் சறுக்கியதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு அல்ப சந்தோஷம்.

அன்று சாயங்காலம் விஷாகா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போட்டு உடைத்தேன்.

“உன் ஹெனெக் வயசுல மூணு வருஷம் உதைக்குதும்மா.”

“மாமா, நீங்க சொல்றதை எதை வெச்சு நான் நம்பறது?”

“என்னை நம்ப வேண்டாம். கழித்தலை நம்பு.”

கத்தியை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். பதிவைத் திரும்பக் கேட்டாள். அதிலும் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. லூட்ஜ் வேலிக்குள் இருந்தவர்களின் பெயர்ப் பதிவேட்டின் நகலை எங்கிருந்தோ வரவழைத்துப் பார்த்தாள். ஹெனெக் ஜில்பர், பிறந்த வருடம் 1930. அவருடைய அமெரிக்கக் காகிதங்களில் 1927. அவரிடமே போய்க் கேட்டாள். அவர் கதவைத் திறந்த வேகத்திலேயே மூடிவிட்டார். குழு கூடிப் பேசியது. விளக்கம் கிடைக்கும்வரை பதிவு நூலகத்துக்குப் போகாது.

“இதுக்கா நிறுத்தினீங்க? மூணு வருஷம்தானேம்மா?” என்றேன். எனக்கே சுரத்து இல்லை.

“ஒரு டேட் தப்பா இருந்தா போதும் மாமா, எல்லாமே கட்டுக்கதைன்னு சொல்றதுக்கு வெளியில ஆளுங்க ரெடியா இருக்காங்க. அதோட அந்த லிஸ்ட்ல இருக்கிறது இவரேதானான்னுகூட ஒருத்தர் மீட்டிங்ல கேட்டுட்டார். எனக்கு அசிங்கமா போச்சு. ஆனா பதில் சொல்ல முடியல.”

அடுத்த ஐந்து நாள் ஹெனெக் காபிக் கடைக்கு வரவில்லை. அவர் வீட்டு ஜன்னல் மறைப்பில் மட்டும் ஒரு விரல் அகலம் இடைவெளி இருந்தது. நான் சந்தில் குப்பைத்தொட்டியை உருட்டினால் அந்த இடைவெளி என்கூடவே நகர்ந்தது. எனக்கும் வேறு வேலை ஓடவில்லை. கராஜில் நாற்காலி போட்டு, நானும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு கிழவர்கள் ஒருவரை ஒருவர் உளவு பார்த்ததில் அந்தச் சந்துக்கு அந்த வாரம் நல்ல பாதுகாப்பு.

ஆறாம் நாள் மத்தியானம் தடியோடு சந்தைக் கடந்து நேராக கராஜுக்குள் வந்து நின்றார்.

“நீதானே சொன்னே?”

“எதை?” என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே மட்டமானது அதுதான்.

“வேலிக்குள்ள நாலு வருஷம் இருந்தவன் நான். போட்டுக் கொடுக்கிறவன் மூஞ்சி எனக்குத் தெரியும். உன் மூஞ்சி அது இல்ல. உனக்கு வாய் மட்டும்தான் கெட்டது.” நாற்காலியை இழுத்து வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். “உட்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்றேன்.”

“என்கிட்டயா? இப்பதானே நான் போட்டுக் கொடுத்தேன்.”

“அதனாலதான். இந்த ஊர்ல உண்மையைச் சொன்னா நம்ப மாட்டாங்கன்னு ஒருத்தன் இருந்தா அது நீதான். நீ போய் போலீஸ்ல சொன்னாகூட டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவான்.”

நான் அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்தேன்.

நாற்பத்துநான்கு ஆகஸ்டில் லூட்ஜில் மிச்சமிருந்தவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். அம்மா, மோனியெக், ஹெனெக். வண்டி எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லை. மோனியெக்குக்கு மட்டும் எல்லாவற்றின்மேலும் சந்தேகம். ஓடும் வண்டியிலேயே தன் கோட்டின் உள்துணியைக் கிழித்து மடித்து, தம்பியின் இரண்டு ஷூவுக்குள்ளும் குதிகாலுக்கு அடியில் திணித்தான். இரண்டு விரல் உயரம் கூடியது. ஆஷ்விட்ஸில் கதவு திறந்தபோது காதில் சொன்னான்: உனக்குப் பதினேழு. இரும்பு வேலை தெரியும். நிமிர்ந்து நில்.

“எனக்குப் பதினாலு. பதினேழு அவன் வயசு. ரெண்டு பேரும் பதினேழுன்னா இரட்டைப் பிள்ளைங்களான்னு நிறுத்திக் கேப்பாங்கன்னு, அவன் தன் வயசை எனக்குக் கொடுத்துட்டு தனக்குப் பத்தொன்பதுன்னு சொன்னான். அங்க நின்னவன் எங்க ரெண்டு பேருக்கும் விரலை இந்தப் பக்கம், வேலைக்கு எடுக்கிற பக்கம் காட்டினான். அம்மாவுக்கு அந்தப் பக்கம். அவ்வளவுதான். பேசக்கூட நேரம் இல்ல.”

சந்தில் ஒரு ஏர்கண்டிஷனர் ஓடிக்கொண்டிருந்தது. என் கண் அவருடைய முழுக்கைச் சட்டைக்குப் போனது.

“கையில நம்பர் இல்லையே?” என்றேன். கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

“அதையும் பார்த்துட்டியா? எங்க வண்டியில வந்த நிறைய பேருக்குக் குத்தல. எங்களை அங்க வெச்சுக்கிற எண்ணமே இல்ல. மறுபடி ரயில். ஜெர்மனியில டாஹாவ் முகாமைச் சேர்ந்த இன்னொரு முகாம், காஃபரிங். சிமென்ட் மூட்டை தூக்கினோம். மோனியெக் பிப்ரவரில டைபஸ் வந்து செத்தான். ஏப்ரல்ல அமெரிக்காக்காரன் வந்தான். முகாம் காகிதத்துல என்ன வயசு இருந்ததோ அதையே அவனும் எழுதினான். கப்பல்ல அது. டல்லஸ்ல கையைத் தூக்கி சத்தியம் பண்ணி சிட்டிசன் ஆனப்பவும் அது. எழுபது வருஷம் ஆச்சு. பொய் சத்தியம். இப்ப டிவில பழைய சிட்டிசன் ஃபைலை எல்லாம் தோண்டறேன்னு பேசறாங்க. தொண்ணூத்தஞ்சு வயசுல என்னை எந்த ரயில்ல ஏத்துவாங்க?”

“முழுக்கைச் சட்டை?”

“தோல் டாக்டர் சொன்னது. டெக்ஸாஸ் வெயில் எனக்கு ஆகாது.”

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இந்த மனிதரிடம் நான் கண்டுபிடித்த மாபெரும் மோசடி என்னுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் தலைமுறையில் பாதி ஊருக்கு ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தநாள். நான் புரட்டாசியில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுபோனபோது ஹெட்மாஸ்டர் அனந்தராமன் சர்ட்டிபிகேட் எதுவும் கேட்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடு என்றார். தொட்டால் ஐந்து வயது. எனக்கு எட்டவில்லை. பின்னால் நின்ற அப்பா என் தலையை ஒரு அழுத்து அழுத்திச் சாய்த்தார். விரல் பட்டது. ஜூன் ஒன்று என்று எழுதி, நான் பிறப்பதற்குப் பதினாறு மாதம் முன்னாலேயே என்னைப் பிறக்கவைத்தார். கிரீன் கார்டிலும் அதுதான். நான் பிறந்ததை நேரில் அறிந்தவர்கள் என்று இரண்டு பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர் என்னைவிட நான்கு வயது சின்னவர்.

இதை ஹெனெக்கிடம் சொன்னேன்.

“இதுவும் உன் கரண்ட் கதையா?” என்றார்.

செய்து காட்டினேன். அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் வலது கையை மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டுபோனார். தோள் ஒத்துழைக்கவில்லை. விரல் காதுக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றது.

“எட்டலை. நான் ஃபெயிலா?”

நான் எழுந்துபோய் அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தேன்.

அன்றிரவு சாப்பாட்டில் விஷாகாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “மாமா, நாலு டேக் எடுத்தும் உங்க இன்டர்வியூவுல ஒரு நிஜம் தேறல. இதை நான் எப்படி குழுவுக்குக் கொண்டுபோவேன்? அவரே சொன்னா மட்டும்தான் முடியும்” என்றாள். ஹெனெக் ஆள் தேர்ந்தெடுத்தது எவ்வளவு சரி என்று அப்போது தெரிந்தது.

அவரே சொல்ல வேண்டுமென்றால் அவருடைய பயம் போக வேண்டும். அதற்கு எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. அறுந்த வயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க யாராவது ஒருவர் முதலில் தொட வேண்டும்.

“நான் முதல்ல கேமரா முன்னாடி சொல்றேன்,” என்றேன் ஹெனெக்கிடம். “என் கிரீன் கார்டுல இருக்கிறது பொய்த் தேதின்னு. நீங்க சிட்டிசன், நான் அதுகூட இல்ல. என்னைப் பிடிச்சிட்டுப் போனா நீங்க வாயைத் திறக்காதீங்க. ஒண்ணும் ஆகலைன்னா நீங்க சொல்லுங்க.”

“எத்தனை நாள் பார்க்கணும்?”

“பத்து நாள்.”

“பன்னெண்டு,” என்றார்.

விஷாகா பதிவு செய்தாள். பெயர், ஊர், ஜூன் ஒன்று, புரட்டாசி, காது எல்லாம் சொன்னேன். முடிந்ததும் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஆபீசிலிருந்த கதிரைக் கூப்பிட்டாள். “அது நிஜம்தான்” என்று அவன் போனில் சொன்னது எனக்கே கேட்டது. “ஆனா அதை ஏன் ரெகார்ட் பண்ணினே? அழிச்சிடு.”

“அழிக்க வேணாம்னு மாமாவே சொல்றார்,” என்றாள் அவள். குரலில் முதன்முறையாக ஒரு சந்தேகம். என் பொய்யைப் பற்றியது இல்லை.

காத்திருந்தோம். தபால்காரர் புது ஆளாக வந்தால் ஹெனெக் போன் பண்ணுவார். மேலே ஹெலிகாப்டர் போனால் நான் பண்ணுவேன். வெளியில் தைரியமாகத்தான் இருந்தேன். ராத்திரி மட்டும் பாஸ்போர்ட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் ஒரு வெள்ளை வேன் சந்துக்குள் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. ஒரே மாதிரி நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். கையில் அட்டை. அட்டையில் தாள். அவர்கள் மணி அடித்தபோது என் கால் கராஜுக்குப் போய்விட்டது. நான் பின்னால் போனேன். அங்கே காருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில், முழுக் கோட்டும் ஷூவும் போட்டு, ஹெனெக் ஏற்கெனவே குந்தியிருந்தார். சந்தைத் தாண்டித் தடியில்லாமல் வந்திருக்கிறார். கோட்டுப் பையில் பாதி ரொட்டி துருத்திக்கொண்டிருந்தது.

“உங்களை யாரு வரச் சொன்னா? அவங்க வந்தது எனக்கு,” என்றேன் மெதுவாக.

“பேசாதே. தள்ளி உட்காரு.”

நகர்ந்து எனக்கும் இடம் கொடுத்தார். ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து என் கையில் வைத்தார். நான் அதைத் தின்னவில்லை, தும்மவும் இல்லை.

கராஜ் கதவைத் திறந்து விளக்கைப் போட்டது விஷாகா.

“மாமா? அவங்க சோலார் பேனல் விக்கிறவங்க. போயிட்டாங்க.” பிறகு என்னருகில் இருந்தவரைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். ரொட்டியைப் பார்த்தாள். அப்படியே தரையில் எங்கள் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். “அந்த ஷூவுக்குள்ள துணி வெச்ச கதை…” என்றாள்.

ஹெனெக் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “சொல்லிட்டியா?”

“சொன்னேன். நம்பலை.”

“நான்தான் சொன்னேனே,” என்றார். பிறகு குந்திய நிலையிலேயே வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோனார். விஷாகாதான் அவர் தலையைச் சாய்த்தாள்.

இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கிறது என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், பதின்மூன்றாம் நாள்தான் கேமரா முன் உட்கார்ந்தார். நான் வாசலைப் பார்த்து உட்கார வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. உட்கார்ந்தேன்.

“உங்க வயசு?” என்று விஷாகா கேட்டாள்.

“தொண்ணூத்தஞ்சு.”

நிறுத்தினார். வாசலில் ஏதாவது தெரிகிறதா என்று என் முகத்தில் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

“என் அம்மா ரிவ்கா. என் அண்ணன் மோனியெக். அந்த முகாம் லிஸ்டுல அவன் சாகும்போது பத்தொன்பதுன்னு இருக்கு. அது தப்பு. அவனுக்குப் பதினேழு. தயவுசெஞ்சு திருத்திக்குங்க. என் வயசை நான் இத்தனை வருஷம் திருத்தாததுக்குப் பயம் ஒரு காரணம். இன்னொண்ணு, அவன் எனக்குக் கொடுத்தது அது ஒண்ணுதான் மிச்சம். ஷூ எப்பவோ போயிடுச்சு.”

காலண்டரில் வட்டமிட்ட நாள் தாண்டிப் போயிருந்தது. அதற்கு அடுத்த மாதம் பதிவு நூலகத்துக்குப் போனது. ரிவ்கா, மோனியெக் என்று தேடினால் இப்போது கிடைக்கும். என்னுடையதும் அதே தட்டில் இருக்கிறது. நாற்பது நிமிட வயர் இல்லாமல், ஜூன் ஒன்று மட்டும். அதைக் கேட்ட பார்க் நண்பர்கள் இதுதான் நான் விட்டதிலேயே பெரிய புளுகு என்கிறார்கள்.

பதிவு நூலகத்துக்குப் போன மறுநாள் காலையில் காபிக் கடைக்குப் போனோம். ஹெனெக் அன்று வரிசையில் நின்றார். என் பின்னால் ஒட்டி, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஆனாலும் நின்றார். பெயர் என்ன என்று பெண் கேட்டாள்.

“மாரி,” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். “எதுக்கும் இருக்கட்டும்,” என்றார்.

அடுத்து என்னைக் கேட்டாள். பில் என்றேன்.